அப்பாவின் வண்டிக்கு அண்ணி போட்ட மேப்

எங்கள் ஒர்க் ஷாப்பில் அண்ணிக்கு 'டாக்டர்' என்று பெயர். கையில் கிரீஸ் படாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவு மிதித்தால் இன்ஜின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு கணக்கு இருக்கும். அதைத்தான் மேப் என்பார்கள். அதை மாற்றி எழுதினால் அதே வண்டி வேறு குணத்தோடு ஓடும்.

"ஏறி உக்காந்தா பறக்கணும்க்கா" என்று பையன்கள் வந்து நிற்பார்கள்.

"பறக்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போங்க தம்பி. இங்க ஓடறதுக்கு மட்டும்தான் செய்வோம்."

இதையே நான் சொன்னால் சண்டையாகிவிடும். அவள் சொன்னால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து காத்திருப்பார்கள். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம். அதனால்தான் என்னை பில் போடும் மேஜையோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த வாயையும் அப்பாவிடம் திறக்க முடியவில்லை. அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பின்னால் படுத்திருப்பவர் முகம் சுளிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. இப்போது அவருடைய வலது கால் நடுங்குகிறது. கார் விட்டு விட்டு உலுக்கிக்கொண்டு போகிறது. அதில்தான் என் மகள் நீச்சல் வகுப்புக்குப் போய் வருகிறாள். சாவியை வாங்கியே ஆக வேண்டும்.

"நீதான் செல்லப் பொண்ணு, நீ கேளு" என்றான் அண்ணன்.

"நீதான் மூத்தவன், நீ கேளு" என்றேன் நான். ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக்கொண்டு மழைக்காலமே போய்விட்டது.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவே வண்டியோடு வந்து நின்றார். நேராக அண்ணியிடம் போனார்.

"வண்டி உலுக்குதும்மா. ஆக்ஸிலரேட்டர்ல ஏதோ கோளாறு."

அண்ணி வயரைச் சொருகி, லேசாக மிதித்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். திரையில் கோடு கிடுகிடுவென்று ஆடியது. பிறகு அவள் உட்கார்ந்து மிதித்தாள். கோடு நேராகப் போனது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "இந்த ஆட்டம் இன்ஜினுக்குப் போகாம பண்ண முடியும்ல?"

"முடியும் மாமா" என்றாள். செய்தும் கொடுத்தாள். சின்னச் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத மாதிரி மேப்பை மந்தமாக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அப்பா ஓட்டினார். அண்ணி பக்கத்தில், நான் பின்னால். ஒரு உலுக்கல் இல்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. இனி யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

"ஓரமா நிறுத்துங்க மாமா" என்றாள் அண்ணி.

நிறுத்தினார்.

"ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதனால உங்க காலை என்னால மறைக்க முடிஞ்சுது. பிரேக்குல மறைக்க எனக்கு எதுவும் இல்ல மாமா. அங்க உங்க கால் மட்டும்தான்."

அப்பா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, முடியாததுக்குச் சாக்கு சொல்றேன்னு நினைச்சிருப்பீங்க."

அவர் மறுக்கவில்லை. "பழையபடியே போட்டுடும்மா. இப்படி இருந்தா என் காலை நான் நம்பிடுவேன்" என்றார்.

அண்ணி அங்கேயே, தெருவோரத்திலேயே, பழைய மேப்பைப் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு."

அந்த வண்டியை அவர் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அண்ணி பின்னால் வந்துவிட்டாள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கிளட்ச்சைப் பாத்து", "இவ்வளவு ஒட்டிப் போகாதே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்றேன்.

சிக்னலில் நான் பிரேக்கை மிதித்தபோது அவரும் மிதித்தார், வெறும் தரையை. வண்டி நின்ற பிறகும் அந்தக் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"பச்சை விழுந்துடுச்சு" என்றார் அப்பா. "போ."