கண்ணாடி கழற்றினால் சிரிக்க வேண்டும்

ஆட்களைச் சிரிக்க வைக்கிற தொழிலில் பெரிய கஷ்டம், நிறுத்த வேண்டிய இடத்தில் அவர்கள் நிறுத்தமாட்டார்கள் என்பதுதான். மேடையேறி ஒருதரமாவது அவதிப்பட்டவர்களுக்கு இது விளங்கும். டென்மார்க்கில் தமிழ் விழா எங்கே நடந்தாலும், நடனப் பிள்ளைகள் உடுப்பு மாற்றுகிற இடைவெளியில் மாமியாராக வந்து கத்துவது நான்தான். இப்போது என் கதையைப் புத்தகமாக எழுதி, அதைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசி, பேச்சாளர் என்ற பெயரும் வாங்கிவிட்டேன். நினைத்தால் இன்னும் மனம் துள்ளுகிறது.

மூன்றாம் வரிசை

சிரிப்பை யாராவது துவக்கிவிட வேண்டும். எங்கள் நாடகங்களில் அது என் கணவரின் வேலை. மூன்றாம் வரிசை ஓரத்தில் இருப்பார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவர் சிரிப்பார். அவர் சிரித்தால் மண்டபம் சிரிக்கும்.

ஒருமுறை வசனம் மறந்துபோய், வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். மண்டபமே அதிர்ந்தது. எந்தப் பகிடிக்குச் சிரித்தீர்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"பகிடியை ஆர் கேட்டது? நான் கண்ணாடியை எல்லே பாத்துக்கொண்டிருந்தனான்."

விபோர்க்கில் ஒற்றைச் சிரிப்பு

என் முதல் பேச்சு விபோர்க் நூலகத்தில், டெனிஷில். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த நாட்டு வழக்கப்படி எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டு, கேக்கும் கோப்பியுமாக இருந்தார்கள். முதல் பகிடியைச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினேன். டெனிஷ்காரர் புன்னகைத்தார்கள். மூன்றாம் வரிசையில் மட்டும் வெடிச்சிரிப்பு. தன் சிரிப்புக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்பதற்காக அவர் விடுவாரா? இன்னும் பலமாகச் சிரித்தார்.

நூலகப் பெண் ஒரு கிளாஸ் தண்ணீரோடு என்னிடம் ஓடி வந்தாள்.

"அந்த மனிதருக்கு மூச்சு முட்டுகிறதா, கதவைத் திறந்து விடட்டுமா?"

ரண்டர்ஸில் அந்தப் பக்கம்

ரண்டர்ஸில் எங்கள் சனம், மண்டபம் நிறைந்திருந்தது. அங்கேதான் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை முதல்முதல் வாசித்தேன். அதில் இருப்பது, அப்பா இறந்துவிட்டார் என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்த நாள். அன்று மாலை நாடகம். யாருக்கும் சொல்லாமல் மாமியார் வேஷம் கட்டி ஆடினேன். கணவருக்கே திரை விழுந்த பிறகுதான் சொன்னேன். நான் புத்தகம் எழுதியதே இந்தப் பக்கத்துக்காகத்தான். ஒருதரமாவது அதை ஆட்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

வாசிக்கும்போது கண் கலங்கியது. துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். மூன்றாம் வரிசை சிரித்தது. பிறகென்ன, மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பான்ரை சாவிலையும் பகிடி விட உம்மாலைதான் ஏலும், பிள்ளை."

ஹொல்ஸ்டெப்ரோ

ஹொல்ஸ்டெப்ரோவில் நடக்கவிருந்த அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் அதுவரை தொடாத என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் இருந்து வாசித்தார். மூன்றாம் வரிசையில் அவர் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது என்பது நினைவுக்கு வந்து, நானே திரும்பவும் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் வந்தது. கண்ணும் கலங்கியது. வேறு வழியில்லை, கழற்றினேன். அவர் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி, லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரும் துடைத்தார். பிறகு பின்வரிசைகள். ஒரு சத்தமில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தேன். எந்தக் கைதட்டலிலும் இந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்:

"அண்டைக்குத் தெரியாமல் சிரிச்சிட்டன். இண்டைக்கு அழுகையையும் நான்தான் துவக்கிவிட்டனான், கவனிச்சனீரே?"

இத்தனை வருடமும் மேடையில் தனியாக நின்றேன் என்று புத்தகத்தின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன், இரண்டாம் பதிப்பு வந்தால் அதைத் திருத்த வேண்டும்.