வினாகிரிப் போத்தல்

போன கிழமை என் மூத்த பேத்தி தன் தம்பியின் பால்போத்தலைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். ஏசினேன். பிறகு, ஏசியது சரிதானா, ஏசாமல் விட்டிருந்தால் அது சரியாக இருந்திருக்குமா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒளித்து வைத்த ஒரு போத்தலும் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஏழு வயது. சிட்னியில், கிரவீனில் குடியிருந்தோம். தாதியாக வேலை செய்த சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, என் அறையில்தான் படுப்பார். எனக்கு இரட்டைப் பின்னல் போடுவதும் அவர்தான். அவர் என்னுடையவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, மெல்பேர்ணிலிருந்து அந்த மாப்பிள்ளை வந்து எங்கள் கதிரையில் உட்காரும் வரைக்கும்.

"என்னைச் சித்தப்பா எண்டு கூப்பிடுங்கோ பாப்பம்" என்று சொக்கலேட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்; கூப்பிடவில்லை. சித்தி சிரித்தார், அவரைப் பார்த்து. எனக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்த சிரிப்பு அது.

கலியாணத்துக்கு அம்மாவே வைன் போட்டார். கேக் வெட்டியதும், பொம்பிளை வீட்டில் போட்ட வைனை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே கிளாசில் குடிப்பது யாழ்ப்பாணத்திலிருந்தே எங்கள் குடும்பத்து வழக்கம். பக்கத்து வீட்டு இத்தாலியர் தன் கொடிப்பந்தலில் குலைகுலையாய்க் காய்த்த முந்திரிகைப் பழங்களைப் பெட்டியோடு தந்தார். தான் போட்ட வைனையும் தருவதாகச் சொன்னார். அம்மா பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். நசித்து, சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் பெரிய சாடியில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, உடுப்புத் தோய்க்கும் லோண்டரி அறையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் காலையில் அகப்பையால் கிண்டுவதும் அவரேதான். கை மாறினால் வைன் கெட்டுப்போகுமாம். கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கிண்டுவார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

"ஆவி அடிக்குது" என்பார்.

ஒருநாள் சீப்பால் எனக்குத் தலை இழுத்துக்கொண்டே சித்தி சொன்னார்: "அக்கான்ர வைன் இல்லாட்டி எனக்குக் கலியாணமே இல்லை." விளையாட்டாகச் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வைன் வடிப்பதற்கு முதல்நாள், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, குசினி அலுமாரியிலிருந்த, நாக்கில் பட்டாலே புளிக்கும் வினாகிரிப் போத்தலை எடுத்துப்போய் முழுவதையும் சாடிக்குள் ஊற்றினேன். துணியைத் திரும்பக் கட்டினேன். வெறும் போத்தலை ரோசாச் செடிக்குப் பின்னால் ஒளித்தேன்.

மறுநாள் வடித்து ஒரு வாய் வைத்துப் பார்த்த அம்மா, "கை பிழைச்சிட்டுது" என்று லோண்டரித் தரையிலேயே இருந்துவிட்டார். அழுதார்.

"உதுக்குப் போய் அழுறதே? கடையில வேண்டுவம்" என்றார் அப்பா.

கலியாணம் நின்றுவிட்டது என்று பயமும் சந்தோசமுமாக நான் கதவடியில் நின்றேன். சித்தி ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார்.

"புளிச்சால் என்னக்கா? உங்கட கையால போட்டது. நான் இதைத்தான் குடிப்பன்."

அப்படியே குடித்தார், தேவாலய மண்டபத்தில், எல்லோர் முன்னாலும். பிறகு மாப்பிள்ளை குடித்தார். அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. ஆனாலும் கிளாசை நீட்டி, "அக்கா, இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அவ்வளவு புளிப்பையும் விழுங்கிவிட்டு அம்மாவைச் சிரிக்கவைத்த அந்த மனிதரை வெறுத்ததுபோல நான் வேறு எவரையும் வெறுத்ததில்லை. அன்று பின்னேரம் சித்தி அவரோடு மெல்பேர்ண் ரயிலில் ஏறிப் போனார்.

அடுத்த நாள் காலை அம்மா எனக்குப் பின்னல் போட்டார். இரண்டும் ஒன்றுபோல வரவில்லை. பிறகு லோண்டரிக்குப் போய்ச் சாடியைக் கழுவினார். கழுவி முடித்த சாடியைத் திரும்பவும் கழுவினார். அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில், மண் போகக் கழுவிய வினாகிரிப் போத்தல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எப்போது கண்டெடுத்தார், வைன் வடிக்க முன்பா பின்பா என்று கேட்க எனக்கும் இன்றுவரை துணிவு வரவில்லை.

"அம்மா, அடுத்தமுறை வைன் நல்லா வரும்" என்றேன்.

"அடுத்தமுறை ஆருக்கடி?"

நான் உண்மையாகவே யோசித்தேன். இந்த நாட்டில் எங்களுக்கு வேறு சொந்தக்காரர் எவரும் இருக்கவில்லை.

"பக்கத்து வீட்டு அங்கிளின்ர மகனுக்கு" என்றேன்.

அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். ஈரக் கையால் என்னை இழுத்து அணைத்தார். பழுதாய்ப்போன வைனுக்காக ஒருவர் இத்தனை நாள் அழுவாரா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வீட்டில் சித்தியைப் பறிகொடுத்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.