மூச்சடக்கிய காவல்காரன்

சங்கு குளித்துக் குளித்து என் இடது காதின் சவ்வு கிழிந்தது. வலது காதும் அரைவாசிதான் கேட்கும். அப்படிப்பட்டவனைத்தான் தூத்துக்குடியில் ஒரு சங்கு முதலாளி தன் சரக்குக் கிட்டங்கிக்குக் காவல் போட்டார். எழுபதுகளின் நடுவில் அது. பக்கத்துக் கிட்டங்கியில் பட்டப்பகலில் ஆள் புகுந்து காவல்காரனை வெட்டியிருந்தார்கள். அதனால் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவன் கையில் துப்பாக்கி. நானே என்னைக் கண்டு பயந்தேன்.

சொல்லிக்கொடுக்க, நாசரேத்துப் பக்கத்திலிருந்து பட்டாளத்தை விட்டு வந்த ஒருவன் வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். மணலில் என்னை ஓடவிட்டு, கை நடுங்கும்போது தோட்டா போடச் சொன்னான். தோட்டா கீழே விழும். நான் குனிந்து தேடுவேன்.

"பயம் வந்தா கை இப்படித்தான் நடுங்கும், அண்ணாச்சி. காதடைக்கும். கண்ணு குழாய்க்குள்ள பாக்க மாதிரி ஆயிரும்."

"காது ஏற்கெனவே அடைச்சாச்சு தம்பி. பாதிப் பாடம் முடிஞ்சிட்டுன்னு எழுதிக்கிடு."

அவன் சிரிக்கவில்லை. முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான்.

"மூணு தடவ சத்தம் போட்டுக் கேளுங்க. ஆயுதத்தோட இந்தக் கோட்டத் தாண்டுனா மட்டுந்தான் விரலு விசைக்குப் போவணும். அதுக்கு முன்னால மூச்ச வெளிய விடணும். தெனமும் கண்ண மூடி, திருடன் வாரத நெனச்சுப் பாருங்க. மனசுல பல தடவ பாத்திருந்தாத்தான் அன்னைக்கிக் கை கேக்கும்."

தினமும் மதியம் கண்ணை மூடினேன். முற்றத்தில் சங்குகள் சதை அழுகுவதற்காகக் குவிந்து கிடக்கும். காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அந்தச் சத்தம் மட்டும் என் காதுக்குத் தப்பாது. முதல் வாரம் மனசில் வந்தவனுக்கு உருவமே இல்லை. பிறகு தலையில் ஒரு சாக்கு வந்தது. பிறகு ஒரு நடை, வலது காலை இழுத்து இழுத்து. அது நான் கொடுத்த நடை இல்லை. முகம் மட்டும் வரவில்லை. சில நாள் கண்ணைத் திறந்த பிறகும் கோட்டருகே கொஞ்ச நேரம் நின்றான்.

பெண்டாட்டியிடம் சொன்னேன். "தின்ன உடனே ஒறங்குனா இப்பிடித்தான்" என்றாள்.

ஆனி மாதக் காற்று சுழற்றியடித்த ஒரு மதியம். நான் கண்ணை மூடவே இல்லை. வெளிக்கதவு திறந்தது. தலையில் சாக்கு. கையில் கத்தி. வலது காலை இழுத்து இழுத்து வந்தான்.

"யாருவே அது?"

மூன்று தடவை கேட்டேன். சங்குகள்தான் ஊளையிட்டன. அவன் கோட்டைத் தாண்டினான்.

விரல் விசைக்குப் போகவில்லை. மூச்சும் வெளியே வரவில்லை. இருபது வருஷம் கடலுக்கடியில் பயந்து பழகிய உடம்பு, பட்டாளத்துக்காரன் பாடத்தையா கேட்கும்? மூச்சை இறுக்கி அடக்கியது. இடது கை துப்பாக்கியின் தோல்வாரைப் பிடித்து வெடுக்வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்தது. கடலடியில் கிடப்பவன் மேலே தோணியில் இருப்பவனுக்கு, தூக்கு என்று கயிற்றில் சொல்லும் சொல் அது.

எங்கள் பக்கம் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான். தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்று.

வந்தவன் கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து வாரைப் பிடித்து இழுத்தான். சாக்கு நழுவியது. என் மச்சான்.

"மூச்ச விடும் மாப்ள. மேல வந்துட்டீரு."

விட்டேன். துப்பாக்கியைத் தரையில் வைத்தேன்.

"நாந்தான் நாந்தான்னு அங்கனருந்தே கத்துதேன். மணலுக்குச் சாக்க மூடிக்கிட்டு, மீன் அறுத்துக் குடுத்துட்டுப் போவோம்னு வந்தா, கொல்லப் பாத்தீரே."

"கால என்ன செஞ்சீரு, மச்சான்?"

"இன்னைக்கிக் காலையிலதான். திருக்கை மீனு முள்ளு ஏறிட்டு."

அந்த நடையை நான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலமே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். மதியம் கண்ணை மூடினால் அந்தச் சாக்குக்காரன் மட்டும் இன்னும் வருகிறான். இப்போது முகம் இருக்கிறது, மச்சான் முகம். அதனால் பகலில் நான் உறங்குவதே இல்லை. பெண்டாட்டிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.