சோலிக்கு வாங்கக்கா

போடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ரோஸ் நிறப் பட்டை ஒன்று இன்னும் என் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. கல்யாணப் பெண் என்று ஆங்கிலத்தில் ஜிகினா எழுத்து ஒட்டியது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டியது. கூடவே இருபது பலூன்களும் ஒரு தங்கக் கலர் கிரீடமும் வாங்கியிருந்தேன். பலூன்களைத் தெருப்பிள்ளைகள் ஊதித் தீர்த்தார்கள். கிரீடத்தை என் மகள் உடைத்தாள். பட்டையை மட்டும் யாருக்குக் கொடுப்பது? அதை விரித்துக் காட்டிய சாயங்காலம், என் நாத்தனார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு மதினி” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

நான் வாக்கப்பட்டு சிலமலைக்கு வந்தபோது அவள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அப்பா இல்லாத பிள்ளை. நானோ பெரிய வாயாடி. “உன் வாய்க்குப் பூட்டுப் போட்டாலும் சாவி ஓட்டை வழியாப் பேசுவடி” என்று என்னைப் பெற்றவளே சொல்வாள். இவள் அப்படியே நேரெதிர். வந்தவர்கள் “என்ன ஆத்தா படிக்கிற?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் பதில் சொல்லி முடித்திருப்பேன். துணிக்கடைக்குப் போனால், “அவளுக்கு நீலந்தான் பிடிக்கும்” என்று கடைக்காரரிடம் நானே சொல்வேன். பிடிக்குமா என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பதினான்கு வருஷம் ஒருத்தி பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசித் தீர்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நர்சுக்குப் படித்தாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து மருந்தகத்தில் வேலை கிடைத்தது. காலையில் ஆறு மணிக்கு போடியில் ஜீப்பு. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் பத்துப் பேர், அவர்களை வேலை வாங்கும் கங்காணியம்மா, நடுவில் இவள். நாலு வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கினாள். மேலே என்ன நடக்கிறது, யாரோடு சாப்பிடுகிறாள் என்று ஒரு வார்த்தை வீட்டில் வராது. கேட்டால் “நல்லாப் போகுது மதினி.” அத்தோடு சரி.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் நம் பக்கம்தான். திருப்பூரில் போய் ரொம்ப நாளாக வேரூன்றியவர்கள். மதுரையில் இருக்கும் சொந்தக்காரப் பெண்கள் போன் மேல் போன் போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணுக்குத் தோழிமார் பார்ட்டி வைக்க வேண்டுமாம், இப்போது எல்லாரும் வைக்கிறார்களாம். ஹால், பாட்டு, டான்ஸ், போட்டோக்காரர், பொண்ணை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கொரு கேள்வி. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எதைச் சொன்னாலும் அவள் தலையாட்டினாள்.

பட்டை வாங்கி வந்த மறுநாள் காலையில், ஜீப்புக்குக் கிளம்பியவள் வாசலில் செருப்பை மாட்டியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “மதினி, ஹாலெல்லாம் வேணாமே. ஜீப்புல வர்றவங்க மட்டும் நம்ம வீட்டுக்கு வந்தா போதும். ஒருநாளு, சும்மா.”

அந்த வீட்டில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. என் மாமியாரிடம் சொன்னேன். “பேசாத பிள்ள வாயத் தொறந்து கேட்டுருச்சு. அதச் செஞ்சு குடு, மத்ததத் தூக்கி ஒடப்புல போடு” என்றார். ஹாலை வேண்டாம் என்றேன், மதுரைக்காரிகள் கோபித்துக்கொண்டார்கள், கோபித்தால் கோபிக்கட்டும். இந்த ஒன்றையாவது அவள் விருப்பப்படி நடத்திக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அந்த வெறியில்தான் காரியத்தைக் கெடுத்தேன்.

சும்மா வாயால் கூப்பிட்டால் மரியாதையாக இருக்காதே என்று, தாம்பூலத்தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு, விடியக்காலம் ஜீப்பு நிற்கும் இடத்துக்கே போனேன். ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டி, “ஞாயித்துக்கெழம குடும்பத்தோட விருந்துக்கு வந்துரணும்” என்று அழைத்தேன். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அட கூறுகெட்டவளே! எங்கள் பக்கம் தட்டு நீட்டி அழைத்துவிட்டால் அது செய்முறை. அழைக்கப்பட்டவள் பதிலுக்குச் சேலையோ பாத்திரமோ பழத்தோடு தட்டில் வைத்து, சீராகக் கொண்டுவந்தாக வேண்டும். வெறுங்கையோடு வருவது அவளுக்குத் தலைகுனிவு. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி, அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் நாத்தனார் கண்கள் சிவந்து வீடு வந்தாள். “ஜீப்புல யாரும் எங்கூடப் பேச மாட்டேங்கிறாங்க மதினி. நான் ஏறுனா பேச்ச நிறுத்திர்றாங்க” என்றாள். இருந்த ஒரே இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கங்காணியம்மாவே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“தப்பா நெனைக்காதீக தாயி. நீங்க தட்டு நீட்டிட்டீக. இனி வெறுங்கையோட எப்படி வர்றது? எங்காளுக இப்ப இருக்கிற நெலமைக்கு சீரு செய்ய ஏலாது. வரலைன்னா பிள்ள மனசு நோகும். அதான் மூணு நாளா அது மொகத்தப் பாக்க முடியாம கெடக்கோம்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். “கல்யாண வீட்டுல குடுத்த வெத்தலையத் திரும்ப வாங்குறதா? வெளங்குமா?” என்று மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். உடனே இன்னொரு யோசனை சொன்னேன். சீரை நானே வாங்கித் தருகிறேன், நீங்கள் கொண்டுவந்து வையுங்கள் என்றேன். கங்காணியம்மா முகம் சுண்டிப்போனது.

“எங்க கையவும் எரவல் வாங்குறீகளா தாயி?” என்றார்.

அப்போதுதான் அடுக்களை வாசலில் நின்றிருந்த என் நாத்தனார் பேசினாள்.

“அக்கா, விருந்துக்கு வராதீங்க. சோலிக்கு வாங்கக்கா.”

கங்காணியம்மா திரும்பிப் பார்த்தார்.

“திங்கக்கெழம பந்தக்காலு ஊன்றாங்க. அன்னைக்கு மொச்சக் கொழம்பு. மொத நா ஞாயித்துக்கெழமையே மூணு மூட மொச்ச உரிக்கணும். ஆளு வேணும்.”

“கூலி?”

“மதியச் சோறு. வேணுங்கிற மட்டும் கட்டன்.”

பால் விடாத டீக்கு மலைமேல் அதுதான் பேர். கங்காணியம்மா வாய்விட்டுச் சிரித்தார். “சோலிக்கு வர்றவ சீரு கொண்டாரணும்னு எந்த ஊர்லயும் சட்டமில்ல. வர்றோம் பிள்ள!” என்று எழுந்தார். என் வாய் கட்டிய முடிச்சை அவள் நாலு வார்த்தையில் அவிழ்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேரும் வேலைக்கு வருகிற கோலத்திலேயே வந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. பின்பக்கத் தகரக் கொட்டகையில் படுதாவை விரித்து, மொச்சையைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்தோம். பெண்ணை நடுவில் உட்கார வைக்கவில்லை. அவளும் ஒரு ஓரத்தில் உரித்தாள். கொஞ்ச நேரம் தோல் உடைகிற சத்தம்தான். பிறகு ஒரு குரல் கதை சொல்ல ஆரம்பித்தது. யார் என்று நிமிர்ந்தேன். இவள்! வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அட்டை கடித்து, ஊருக்கெல்லாம் ஊசி போட வந்தவள் ஐயோ அம்மா என்று கத்தியதையும், காய் எடுத்த கையோடு ஓடிவந்த ஒருத்தி சுண்ணாம்பு வைத்து அட்டையை விடுவித்ததையும் சொன்னாள். தோட்டத்து மலையாளி மேனேஜரைப் போலக் குரலைக் கட்டையாக்கி, “எந்தா இவிடே கூட்டம்?” என்றாள். பெண்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். என் மாமியார் கையில் பிடித்த மொச்சையோடு மகளைப் பார்த்தபடியே இருந்தார்.

“ஒங்களுக்குப் புதுசா இருக்கா தாயி?” என்றார் கங்காணியம்மா மெதுவாக. “மருந்தகத்துல ஆளில்லன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்ககூடக் காய் எடுக்க வந்துரும். அங்கன யாரும் யாரு மொகத்தையும் பாக்கிறதில்ல, கண்ணு காய்மேல. அதான் இது பேசும்.”

சோறு தின்று, இரண்டாம் மூட்டையைப் பிரித்த பிறகு, தலை நிமிராமலே அவள் சொன்னாள்: “மதினி, எனக்குப் பயமா இருக்கு. இங்க எனக்குப் பதிலா நீங்க பேசிருவீங்க. அங்க யாரு பேசுவா?”

எல்லாக் கைகளும் உரித்துக்கொண்டேதான் இருந்தன. என் நாக்கு நுனியில் ஆறுதல் பத்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். அவள் தொடர்ந்தாள். வேலையை விட்டுவிடச் சொல்வார்களோ என்று பயம், மாட்டேன் என்று சொல்ல வராதோ என்று அதைவிடப் பயம். எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில், “ஒன்னய விட்டுட்டு எப்படி இருக்கப் போறேனோ” என்று மட்டும் சொல்லி அழுதேன். அவள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முன்னால் கிடந்ததையும் சேர்த்து அவளே உரித்தாள்.

ஆடிக்கு அவளை அழைத்துவர நான்தான் திருப்பூர் போனேன். அவள் மாமியார் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் ஏதோ குறை.

“உங்க பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லோணுமுங்க. அமைதியான புள்ளைன்னு சொல்லித்தானுங்க குடுத்தீங்க? ஆசுபத்திரி வேலைக்கு இப்பப் போக வேண்டாம்னு சொன்னேன். இல்லீங்க அத்த, நான் போவேன்னு சொல்லிப்போட்டு, ஏன் போகோணும்னு ஒரு மணி நேரம் பேசுறா. என்னைய ஒரு வார்த்த பேச உடமாட்டேங்கிறா!”

பதில் சொல்ல வேண்டிய இடம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், சமாதானம் சொல்லியிருக்கலாம். நானோ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.