அழுதால் ஊசி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு வளையல் கடை. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பதற்கு நான்தான் சாட்சி என்பார் பக்கத்துக் கடைக்காரர். அந்த வாயை நம்பித்தான், கடைக்கு வரும் நர்சிங் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நோயாளிக் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்று மாணவிகள் பழக வேண்டும். கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் அதற்குக் குரல் கொடுப்பார். நான் அதன் அம்மா.

“பேச வேண்டியத எழுதிக் குடுக்கட்டுமா?”

“எதுக்கு மேடம்? அஞ்சு வயசுல ஒண்ண வீட்ல வச்சிருக்கேன். தானா வரும்.”

தானாகத்தான் வந்தது. பொம்மை அழத் தொடங்கியதும், “அழுதீன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க!” என்றேன். நர்ஸாக நின்றவள் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவி. அவள் பதறிப்போய், “ஆமா பாப்பா, அழுதா ஊசிதான்” என்றுவிட்டாள்.

டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். “ஊசி இன்னா தண்டனையா? இனிமே அந்தக் கொழந்த உன்ன நம்புமா?”

எல்லார் முன்னாலும் அவள் தலைகுனிந்து நின்றாள். வார்த்தை என்னுடையது, திட்டு அவளுக்கு. ‘நான்தான் எடுத்துக் கொடுத்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஊர்ப்பட்ட வாய் பேசுகிறவள், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஊசி போட, பெரிய சிஸ்டரோடு வந்தவள் அதே மாணவி. பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கையில் ஊசியைப் பார்த்ததும் மகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

“நான் அழவே இல்லியே! போட வேணாம்னு சொல்லும்மா!”

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகையை விழுங்கினாள். சோறு தின்ன, தூங்க, எல்லாவற்றுக்கும் வீட்டில் நான் காட்டிய பூச்சாண்டி அந்த ஊசிதானே?

மாணவி தரையில் உட்கார்ந்தாள். “நீ அழுததுக்குப் போடல பாப்பா. காய்ச்சல் போறதுக்குப் போடுறோம். கொஞ்சம் வலிக்கும். அழுவ வந்தா அழு.”

“அம்மா அப்படிச் சொல்லலியே?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அம்மா சொன்னது பொய்டி. அதால அன்னிக்கு இந்த அக்காவும் திட்டு வாங்குச்சி. நான் வாயத் தொறக்கல.”

மகள் பெஞ்சடியிலிருந்து கையை நீட்டினாள். என் பக்கம் அல்ல, மாணவி பக்கம்.

ஊசி ஏறியபோது வாய்விட்டு அழுதாள். ‘அழாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.