பொத்தான் டப்பாவில் பன்னிரண்டு சாவி

கதவு திறக்காதவர்கள் மேல் கேள்விக்காரம்மாவுக்குக் கோபம் வந்து பல வருஷமாகிறது. சர்வே படிவத்தைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருஷம் தெருத் தெருவாக அலைந்ததில் கோபமெல்லாம் தேய்ந்து வியப்புதான் மிஞ்சியது. எத்தனை விதமாக நழுவுகிறார்கள் இந்த மனுஷர்கள். இடுப்பில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாக நின்ற ஒருவர், "நான் இந்த வீட்டுக்காரன் இல்லைங்க, கரன்ட் பாக்க வந்தேன்" என்றார். இன்னொருவர் அவளைப் பார்த்ததும் ஊமையானார். அவள் படியிறங்குவதற்குள் போனில் யாரையோ வெளுத்து வாங்கினார்.

இந்தத் தடவை கேள்விகள் நம்பிக்கையைப் பற்றி. அதில் பதினாலாவது கேள்விதான் உயிர்: வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைப்பீர்களா? ஊரே 'மாட்டேன்' என்றது. அவளும் அந்தக் கட்சிதான். அவள் வீட்டுச் சாவி எந்நேரமும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

கடைசியாக வந்து மாட்டியது அந்த மூன்று மாடிக் கட்டடம். பன்னிரண்டு வீடு. இரண்டு தடவை போனாள். பன்னிரண்டிலும் பூட்டு தொங்கியது.

"அங்கேருந்து எட்டுப் படிவமாவது வரணும்மா. இல்லேன்னா அடுத்த சர்வேக்கு உங்களக் கூப்பிட மாட்டாங்க" என்றார் மேலதிகாரி. அவளுக்கு இதைவிட்டால் வேறு வேலை தெரியாது. மூன்று தடவைக்குமேல் ஒரு வீட்டுக்குப் போகவும் விதி இல்லை.

மூன்றாவது தடவையும் பன்னிரண்டு பூட்டு. திரும்பும்போது பூட்டிய கதவு ஒன்றுக்குள் யாரோ தும்மினார்கள். எதிர்வீட்டுப் பூட்டுக்குப் பின்னாலிருந்து, "உஸ்" என்று ஓர் அதட்டல் வந்தது. பூட்டு வெளியே, ஆள் உள்ளே. அப்படியானால் பூட்டியது யார்?

யோசித்துக்கொண்டே இறங்கியதில் பையின் வார் அறுந்தது. மாடிப்படிக்கு அடியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். பையை வாங்கிப் பார்த்தவர், வளையம் தேடிப் பொத்தான் டப்பாவைத் திறந்தார். உள்ளே பொத்தான்களுக்கு நடுவே பன்னிரண்டு சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணித் துண்டு: ஒன்றில் கட்டம், ஒன்றில் பூ, ஒன்றில் வெறும் சிவப்பு.

அவள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"முடியாதுன்னு முகத்துக்கு நேரா எப்படிம்மா சொல்றது? பாவம், வெயில்ல வர்றீங்க. அதான் பூட்டச் சொல்லிட்டாங்க" என்றார்.

"உள்ள ஏதாவது ஆச்சுன்னா? தீப்பிடிச்சா?"

"நான் இங்கதான இருக்கேன்."

அவள் அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். பன்னிரண்டு குடும்பம் தங்களை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியை ஒரு மனுஷரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தும்மிக்கொண்டிருக்கிறது.

"எட்டுக் கதவு திறந்தா என் வேலை பிழைக்கும்ணே."

ஊசியில் நூல் கோத்தபடியே அவர் சொன்னார். "அவங்க கேட்டாத் திறப்பேன். நீங்க கேட்டு எப்படித் திறக்கறது?"

அவள் டப்பாவைக் காட்டினாள். "உங்க வீடு?"

"பன்னிரண்டாம் நம்பர். பொண்டாட்டி உள்ளதான் இருக்கா."

ஒரு படிவமாவது ஆகட்டும் என்று அவரிடமே கேள்விகளைக் கேட்டாள். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பதினாலாவது வந்தது.

"சேச்சே, காலம் கெட்டுக் கிடக்குது" என்று டப்பாவை மூடினார். "சாவிய யாரும்மா நம்பிக் குடுப்பாங்க?"

சொன்னதைத்தான் எழுத வேண்டும், கண்டதை எழுதக் கூடாது. 'மாட்டேன்' என்று எழுதினாள். மற்றப் பதினொன்றில் 'பூட்டு' என்று எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். மேலதிகாரி எண்ணிப் பார்த்து, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினோரு வருஷமாக ஊரைப் பற்றி என்னவெல்லாம் எழுதிக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறக்கவில்லை. இடுப்பிலிருந்து மாற்றுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். குடிவந்த ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"அம்மா வீட்ல இல்லைங்க" என்றது பக்கத்து வீட்டு அம்மாவின் குரலே.

"கேள்வி இல்லக்கா" என்றாள். "சாவி குடுக்க வந்தேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.