எட்டாவது துணி: கல்பாக்கம் முதல் செங்கல்பட்டு வரை

அந்தத் துணியை நான் கொடுத்தபோது அதற்கு நான்கு மூலைகளும் இருந்தனவா? இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மகாபலிபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஒருநாள் காரில் போய்வந்ததைச் சந்தோஷமாகவே எழுதியிருப்பேன்.

எங்களுடையது பதினேழு வருடம் ஓடிய வெள்ளை அம்பாசடர். என் கணவர் பாலன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். அவரோடு வேலை செய்யும் தாமஸிடமும், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயமும் வேன் ஓட்டமுமாக இருக்கும் ஏழுமலை அண்ணனிடமும் இதே போல ஆளுக்கொரு பழைய கார். மூவரும் மெக்கானிக் ஷெட் பக்கமே போவதில்லை. ஒருவர் கார் படுத்துவிட்டால் மற்ற இருவரும் ஸ்பானர் பெட்டியோடு வந்துவிடுவார்கள். யார் கழற்றினாரோ அவரேதான் திரும்ப மாட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம்.

1998 ஜனவரியில் எங்கள் கார் நீலப் புகை விட ஆரம்பித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள். இரண்டு வார விடுமுறை நாட்களில் எஞ்சினைப் பிரித்து, ரிங் மாற்றி, பூட்டினார்கள். நூல் பிரியாத மெல்லிய துணி வேண்டும் என்று கேட்டபோது, பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்கு இடுப்பில் கட்ட வைத்திருந்த துணிகளில் எட்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மகள் மீனாவுக்கு அப்போது எட்டு மாதம்.

ஞாயிறு காலை 6.40. எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பயணம். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து மகாபலிபுரம் 16 கிலோமீட்டர், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் 15, அதன்பின் செங்கல்பட்டு 14. ஏழுமலை அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. பாலன் ஓட்ட, தாமஸ் முன்னால், நானும் குழந்தையும் பின்னால். ஏழுமலை அண்ணன் தன் காரில் பின்தொடர்ந்தார்.

கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான், எண்ணெய்க் கறுப்பேறிய துணிகளைக் குப்பையில் போட எடுத்தேன். ஏழு இருந்தன. திரும்ப எண்ணினேன், ஏழுதான். குழந்தைத் துணியை எண்ணி உலர்த்தி எண்ணி மடிப்பது என் தினசரி வேலை, அதனால் எட்டு என்பது உறுதி என்று நினைத்தேன். உடனே, எட்டு கொடுக்க நினைத்து ஏழு கொடுத்திருப்பேனோ என்றும் தோன்றியது. ஹாரன் அடித்தார்கள். காரில் எங்காவது கிடக்கும் என்று ஏறிவிட்டேன்.

புது ரிங் என்பதால் நாற்பதுக்கு மேல் போகக் கூடாதாம். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போனோம். கல்பாக்கம் ஊழியர் பஸ் ஒன்று எங்களை முந்தியது. ஜன்னலிலிருந்து யாரோ, "பாலன் சார், தள்ளி விடணுமா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். நான் இருக்கைக்கு அடியிலும் கதவுப் பையிலும் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

7.15, மகாபலிபுரம். இளநீர் ஐந்து ரூபாய். கடற்கரைக் கோயிலின் மேல் வெயில் இளம் மஞ்சளாக விழுந்திருந்தது. சிற்பப் பட்டறைகளில் அந்த நேரத்திலேயே உளிச் சத்தம் தொடங்கிவிட்டது. காரை நிறுத்திய பிறகும் டக் டக் என்று கேட்கவே, எஞ்சின்தான் என்று நினைத்துக் காரின் முன்பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டேன்.

தாமஸ் இளநீரைக் குடித்துக்கொண்டே, "அண்ணி, நீங்க குடுத்த துணியில எஞ்சினுக்கே இடுப்புத்துணி கட்டிவிட்டேன் தெரியுமா?" என்றான்.

"எங்க கட்டுனே?"

"அடியில ஆயில் சேம்பரைக் கழட்டினோம்ல, கடக்காத்துல மண்ணு ஏறிரும்னு உள்ள சுத்தி அடைச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு ஷிப்டு. அண்ணாச்சிதான் மூடுனாரு."

சேம்பர் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டி. அண்ணாச்சி என்று அவன் சொன்னது ஏழுமலை அண்ணனை. அவர் பத்தடி தள்ளி நின்று தன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் எடுத்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. மூன்று பேர் இத்தனை வருடம் எஞ்சின் பிரிக்கிறவர்கள். அதில் இரண்டு பேர் வேலை இடத்தில் ஷிப்ட் மாறும்போது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள். அவர்களிடம் போய், துணி ஒன்று குறைகிறது என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நோட்டு இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

8.10-க்குத் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பினோம். இருபக்கமும் நெல் வயல், தூரத்தில் மலைக்கோயில். அதையெல்லாம் குழந்தைக்குக் காட்டலாம் என்றுதான் வந்தேன். ஆனால் என் கண் பாலன் முன்னால் இருந்த டாஷ்போர்டை விட்டு நகரவில்லை. எட்டரை மணி இருக்கும், அங்கே சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது.

"ஆயில் லைட்டுல்ல?" என்றான் தாமஸ். எஞ்சினுக்குள் எண்ணெய் சரியாக ஏறாவிட்டால் எரியும் விளக்கு அது.

"ஒயரு லூசா இருக்கும்," என்றார் பாலன்.

"எட்டுத் துணி கொடுத்தேன். ஏழுதான் வந்துச்சு," என்றேன்.

பாலன் உடனே எஞ்சினை அணைத்தார். கார் சத்தமில்லாமல் உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. தாமஸ் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் இரத்தமில்லை.

ஏழுமலை அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டார். "இன்னா தாமசு, உள்ள துணிய வச்சுட்டு ஒரு வார்த்த சொல்லலயே நைனா. வயித்துல கத்திரிய வச்சு தச்ச டாக்டரு கணக்கா கீது."

"நீங்க பாத்திருக்கணும்ல அண்ணாச்சி."

"இருட்டிகினு வந்துச்சு. ஒட்டுன எண்ணெய்ல துணி இன்னா, இரும்பு இன்னா, எல்லாம் ஒரே கருப்பு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இத்த காலைலயே சொல்லக் கூடாதா?"

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். கயிறு இறுகும்போதெல்லாம் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். 9.20-க்கு அவர் வீட்டு வாசல். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டைகள் கொடுத்து, மூவரும் அடியில் புகுந்தார்கள். அந்த ஜாக்கி நழுவினால் மூன்று பேர் என்று நான் எண்ணிக்கொண்டு நின்றேன். அண்ணன் மனைவி சகுந்தலா சாதம் பிசைந்து மீனாவுக்கு ஊட்டினார். "நீ இன்னாத்துக்கு அங்கயே பாத்துகினு கீற? வந்து ஒக்காரு. அதுங்களுக்கு இது வாராவாரம் கூத்து," என்றார்.

12.10. எண்ணெயை வாளியில் இறக்கிச் சேம்பரைக் கழற்றினார்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள வலையில் என் துணி சப்பென்று ஒட்டியிருந்தது. பாலன் அதை உரித்தெடுத்துப் பெட்ரோலில் அலசி வாசலில் விரித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

சேம்பரைத் துழாவினார்கள், எண்ணெயை வடிகட்டினார்கள். துண்டு கிடைக்கவில்லை. கிழிந்த விளிம்பு பழசா புதுசா என்று கறுப்பில் தெரியவில்லை.

"உள்ள போயிருந்தா எந்தத் தொளைல அடைச்சிகினு கீதோ," என்றார் ஏழுமலை அண்ணன். "மொத்தமா எஞ்சின எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். நடுரோட்டுல புடிச்சிகிச்சுன்னா வண்டி அப்படியே லாக்காயிடும். தங்கச்சி, நீ குடுத்த துணி. மூல மொதல்லயே இல்லியா?"

தாமஸைத் தவிர மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தபோது மூக்குத் துடைக்க ஏதோ ஒரு துணியில் ஒரு மூலையைக் கிழித்தது நிஜம். அது இந்தத் துணியா, வீட்டில் மீதியிருக்கும் துணிகளில் ஒன்றா? நினைத்துப் பார்த்தேன். மீனா வெயிலில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். தாமஸ் நிமிரவே இல்லை, கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"முதல்லயே கிழிஞ்சிருந்துச்சு," என்றேன்.

தாமஸ் பெருமூச்சு விட்டான். ஏழுமலை அண்ணன், "பாத்தியா, அதான் பொம்பளைங்ககிட்ட கணக்கு கேக்கணும்ன்றது," என்று சிரித்தார். பசை தடவிச் சேம்பரைப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றினார்கள். இந்த முறை தாமஸே எல்லா போல்ட்டையும் இறுக்கினான்.

3.05-க்கு மறுபடி கிளம்பினோம். திரும்பிவிடலாம் என்றேன். "டெஸ்ட்டை முடிச்சிருவோம் செல்வி," என்றார் பாலன். 3.40-க்குச் செங்கல்பட்டு. கொளவாய் ஏரி நிறைந்து கிடந்தது என்றும், அதன் ஓரமாக மின்சார ரயில் போனது அழகாக இருந்தது என்றும் பாலன் பிறகு சொன்னார். நான் பார்த்தது அந்தச் சிவப்பு விளக்கு இருந்த இடத்தை மட்டும்தான். அது எரியவில்லை. ரயில் நிலையம் எதிரே டீ இரண்டு ரூபாய். 6.10-க்கு வீடு.

குழந்தையை இறக்கிவிட்டதும், காலையில் குப்பைக்கு எடுத்து வைத்த ஏழையும் வீட்டிலிருந்த மீதித் துணிகளையும் விரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்கு மூலையும் இருந்தன. அப்படியானால் நான் சொன்னது சரி என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். பிறகு, போன மாதம் மிகவும் நைந்துபோன இரண்டைத் தூக்கிப் போட்டது நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதமாகக் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மே மாதம் லீவில் கோவில்பட்டியில் என் அம்மா வீட்டுக்கு அதிலேயே போவதாகப் பாலன் முடிவு செய்துவிட்டார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவில். எஞ்சின் பற்றிக் கேட்டால், "நீதானே சொன்னே, முதல்லயே கிழிஞ்சதுன்னு," என்கிறார். தெரியாமல் சொன்னேன் என்றால் மறுபடி எஞ்சினை இறக்குவார்கள். தாமஸ் இப்போதுதான் எங்கள் வீட்டுக்குப் பழையபடி சிரித்துக்கொண்டு வருகிறான். சொல்லாவிட்டால் பின் இருக்கையில் மீனா.

எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டு விரல் அகலப் பருத்தித் துணி எண்ணெயில் கிடந்தால் நாளடைவில் மக்கிவிடுமா, எண்ணெய் மாற்றும்போது வெளியே வந்துவிடுமா, எஞ்சினை இறக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? என்னைப் போலத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லிவிட்டவர்கள் இருந்தால், பிறகு அதை எப்படிச் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். மே முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.